மெதுவாகச் செய்யத் தெரியாத கை

இருபத்திரண்டு வருடம் ஒரு ஹோட்டலில் பர்சனல் மேனேஜராகக் குப்பை கொட்டினேன். ஆள் எடுப்பது, லீவு தருவது, எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது எல்லாம் என் வேலை. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிடம் நேரில் சொல்லக் கூசுகிற எதையும் என் வாய் வழியாகத்தான் சொல்வார்கள். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைத் திட்ட வேண்டியதையெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்வார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது கச்சேரி முடிந்ததும் உறையில் போட்டு மூடி வைப்பார்கள்.

அதில் பதினோரு வருடம் பேச்சுவார்த்தை மேசையில் எனக்கு எதிரே ஒரே ஒரு பெண்மணிதான் உட்கார்ந்தார். நான்காவது மாடியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர், யூனியனின் செக்ரட்டரி. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோட்டலில் எல்லோருக்கும் அவர் செக்ரட்டரியம்மா. இது அவருக்கு நான் எழுதும் பாராட்டு மடல் இல்லை. அந்த அம்மாவால் எனக்கு வந்த தலைவலிக்கு அளவே கிடையாது.

அவருக்கு முன்னால் செக்ரட்டரியாக இருந்தவர் ஒரு சமையல்காரர். மேசையைத் தட்டுவார், கதவை அறைந்து சாத்துவார், கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் போய்விடுவார். அப்படிப்பட்டவர்களைச் சமாளிப்பது சுலபம். இந்த அம்மா வேறு ரகம். முதன்முதலாக என் அறைக்கு அவர் வந்தது சாப்பாட்டு நாற்காலி விஷயமாக. ஊழியர்கள் சாப்பிடும் அறையில் நாற்காலி போதாமல் ரூம் பெண்கள் மாடிப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

“சார், நாங்க நாப்பத்திரெண்டு பேர் இருக்கோம். நாற்காலி பதினெட்டுதான் இருக்கு. எத்தனை மணிக்கு வந்தா நாற்காலி காலியா இருக்கும்னு சொல்லிட்டீங்கன்னா, அந்த நேரத்துக்குப் பசிக்கிற மாதிரி பாத்துக்கிறோம்.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். ஒரே வாரத்தில் நாற்காலிகள் வந்தன. அடுத்த தேர்தலில் அவரைச் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. என்னோடு வாக்குவாதம் செய்துகொண்டே என் மேசையில் சிதறிக் கிடக்கும் தாள்களைத் தட்டி நேராக்குவார். டீ கிளாஸ் வைத்த வட்டக் கறையைக் கைக்குட்டையால் துடைப்பார். பேனாவை நோட்டுக்கு இணையாக வைப்பார். செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. சண்டை முடிந்து அவர் போன பிறகு பார்த்தால், மேசை முன்பைவிடச் சுத்தமாக இருக்கும். இத்தனை பொறுப்பாக என்னோடு சண்டை போட்டவர் வேறு யாரும் இல்லை.

அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்க ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டே அறைகள். ஆனால் அங்கே நின்றபோது எனக்கு என் செருப்பை நினைத்தே வெட்கமாக இருந்தது. கணவர் சிரித்தார். “பயப்படாதீங்க சார். விட்டா என் பஸ்ஸையே மடிச்சு அலமாரில அடுக்கிடுவா. நானே உக்காந்த இடத்தைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கிறேன்.” அந்த அம்மா அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

எங்கள் ஹோட்டலில் ஒருவர் ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறை செய்ய வேண்டும். பல வருட வழக்கம் அது. புதிதாக ஒரு ஜெனரல் மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். பதினான்கு என்று யார் முடிவு செய்தது, எதை அளந்து முடிவு செய்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, கையில் அட்டையோடு வந்து இறங்கினார் அவர். ஊழியர்கள் அன்றைக்கே அவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் வருவதற்கு முதல் நாள் யூனியன் கூட்டம் போட்டது. அங்கே பேசியது சாயங்காலத்துக்குள் என் காதுக்கு வந்துவிட்டது. சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, எங்கள் ஹோட்டல் லிஃப்டுக்கு உண்டு. செக்ரட்டரியம்மா சொன்னது இதுதான்: “யாரும் பதற வேணாம். விதிப் புத்தகத்துல போட்டிருக்கிறபடி ஒண்ணொண்ணா செய்ங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாடி யாரும் ரூமை விட்டு வெளிய வரக்கூடாது. ஒருத்தர் வேகமா செஞ்சா அது எல்லார் கழுத்துக்கும் கயிறு.”

சொன்னபடியே செய்தார்கள். முதல் மூன்று பேருக்கும் முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று என்று வந்தது. நான்காவதாக ஒரு மூத்த பெண்மணி. நிதானம் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மெதுவாகச் செய்யும்படி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பத்தொரு நிமிடம். கடிகாரக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு வராந்தாவில் வரிசையாக நின்ற டிராலிகளை ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு டிராலியில் துண்டுகள் அளவெடுத்தது போல் அடுக்கியிருந்தன, சோப்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. “இது யாரோடது?” என்றார்.

அது செக்ரட்டரியம்மாவுடையது.

அவர் அறைக்குள் போனார். கடிகாரக்காரர் உள்ளே ஓரமாக நின்றார், நான் வாசலில் நின்றேன். முதல் இரண்டு மூன்று நிமிடம் அந்த அம்மா தத்தித் தத்தி ஆமை வேகத்தில் போனார். பார்க்கவே எனக்குச் சிரிப்பு வந்தது. அழுக்கு விரிப்பை எடுத்தார், நின்றார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு குளியலறைக் கண்ணாடியில் ஒரு நீர்க்கோடு கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், மனுஷி காணாமல் போய்விட்டார். கை மட்டும்தான் இருந்தது. கண்ணாடி, குழாய், தரை. திரும்பி வந்தால் விரிப்பு காற்றில் ஒரு தடவைதான் எழுந்தது, வந்து விழுந்தபோது நான்கு பக்கமும் சரியாக இருந்தது. மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி மறு கையால் துணியைச் செருகிய வேகத்தில் எனக்கு மூச்சு முட்டியது. தலையணை இரண்டையும் தட்டி வைத்து, கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, கதவருகே வந்து கடைசியாக ஒருமுறை அறையை நோட்டம் விட்டார். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை நான் பார்த்தேன்.

நடுவில் ஒரு இருமல் இருமியிருந்தால் போதும், அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் இருமவில்லை. நான் சம்பளம் வாங்குவது யாரிடம் என்பது என் தொண்டைக்கும் தெரிந்திருந்தது.

“இருபத்தொரு நிமிஷம்” என்றார் கடிகாரக்காரர். “பிரமாதம்மா.”

அந்த அம்மாவின் முகம் வெளுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதைக் கதையாகத்தான் கேட்டிருந்தேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஒரு அறைக்கு இருபத்தொரு நிமிடம் என்றால், சாப்பாடு, டீ, டிராலி நிரப்பும் நேரம் எல்லாம் போக ஒரு ஷிப்டில் பத்தொன்பது அறை செய்யலாம், ஆனாலும் நிர்வாகம் பெருந்தன்மையோடு பதினேழு மட்டுமே கேட்கிறது என்று எழுதியிருந்தது. பெருந்தன்மை என்ற சொல்லைப் போட்டவன் நான்தான். எண்ணிக்கை குறைந்த வாரத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போகும் என்பதும் அதில் இருந்தது.

யூனியன் வேலைக்காகச் செக்ரட்டரிக்கு மட்டும் மூன்று அறை கழிவு உண்டு, அதனால் அவருக்குப் பதினான்குதான் வந்தது. அதற்குப் பிறகு நான்காவது மாடியில் யாரும் செக்ரட்டரியம்மாவோடு பேசவில்லை. சாப்பிடும் அறையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. முதல் வாரத்திலேயே நிதானம் அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். ஓடி ஓடிச் செய்தும் அவரால் பதினான்கைத் தாண்ட முடியவில்லை. அவர் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து, டிராலியில் பூட்டி வைக்கும் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற செக்ரட்டரியம்மாவிடம், “விடு. உன் கைய நீ என்ன பண்ணுவ, வெட்டியா போட முடியும்?” என்றார். திட்டியிருந்தால் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாவது கடிதமும் போன மறுநாள் செக்ரட்டரியம்மா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. என் மேசையைக்கூட நேராக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

“சார், நீங்க ஒரு ரூமை அளந்தீங்க. ஒரு நாளை அளக்கலையே?”

“என்னம்மா சொல்றீங்க?”

“காலைல மொத ரூம்ல இருக்கிற கை வேற, சாயங்காலம் கடைசி ரூம்ல இருக்கிற கை வேற. மொதல்ல இருந்து பதினேழு வரைக்கும் என்னையே அளங்க. நான் முடிச்சிட்டா யூனியன் வாயத் தொறக்காது. முடிக்கலைன்னா பழையபடி பதினாலு. எழுதிக் குடுக்கிறேன்.”

ஜெனரல் மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டார். “அந்தம்மாவால மெதுவா செய்ய முடியாதுங்க. அவங்களே நெனச்சாலும் முடியாது. ஒத்துக்கோங்க. கடிகாரத்த நீங்களே பிடிங்க.” அவர் சொன்னது உண்மைதான். எனக்கும் அந்த அம்மா கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுகிறார் என்றுதான் தோன்றியது.

அந்த நாள் காலையில் ஊழியர்கள் வாசலில் அவருடைய கணவர் எனக்காகக் காத்திருந்தார். பஸ் ஓட்டும் உடுப்போடுதான் நின்றார். வழக்கமான சிரிப்பு இல்லை.

“சார், அவ சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கியிருக்கா. ஆனாலும் சொல்றேன். ஆறு மாசமா காலைல எந்திரிச்சதும் வலது கையை அவளால மேல தூக்க முடியல. தோள்ல ஏதோ பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் வேலை செஞ்சா சூட்டுல இளகிக்கும், நேரமாக ஆகக் கை தொங்கிப் போயிடும். தலை வாரிக்கக்கூட முடியல சார். நான்தான் வாரி விடுறேன்.” இரண்டு கையாலும் பின்னுவது போலக் காட்டினார். “எனக்கு சரியா பின்னத் தெரியாது. கோணலாத்தான் வரும். அவ அவ்வளவு சுத்தம் பாக்குறவ, அதை ஒண்ணும் சொல்லாமக் கட்டிக்கிட்டு வர்றா.”

ஆறு மாதமாக அவர் பின்னல் கோணலாக இருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஹோட்டலில் ஒரு விதி இருந்தது. அறை வேலைக்கு உடம்பு தகுதியில்லை என்று தெரிந்தால், கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் ரூம் பெண்கள் யாரும் வலி என்ற சொல்லையே என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் இருபத்தொரு நிமிடத்தில் அறையை முடித்த கை, வீட்டில் சீப்பைத் தூக்க முடியாத கை.

நான்காவது மாடிக்கு ஓடினேன். அவர் டிராலியில் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது வேணாம். வேற ஏதாவது வழி பாக்கலாம்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. “வாசல்ல நின்னாரா?” என்றார். “அவருக்கு ஒரு சத்தியமும் நிக்காது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார், என் தோள் விஷயம் வெளிய தெரிஞ்சா என்னை அனுப்பிடுவீங்க. தெரியலைன்னா அக்காவை அனுப்பிடுவீங்க. ரெண்டுல ஒண்ணுதானே? கெடுத்தது யாரு, அக்காவா?”

“வேணும்னா நீங்க கொஞ்சம் மெதுவா…”

“அது வராது சார். அதுதான் வரலையே. நான் எப்பவும் போலத்தான் செய்யப் போறேன். நீங்க உள்ளதை உள்ளபடி எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

எட்டரை மணிக்கு முதல் அறை. இருபத்தொரு நிமிடம். இரண்டாவது இருபத்தொன்று. மூன்றாவது இருபது. என் வாழ்க்கையில் நான் யாருடைய வேலையையும் அன்றுபோல் முழுதாகப் பார்த்ததில்லை. பெண்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தே காலத்தை ஓட்டியவன், ஒரு கட்டிலுக்கு மெத்தையை எட்டு முறை தூக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் எண்ணினேன். ஐந்தாவது அறையில் யாரோ ஒரு குழந்தை சுவரில் பேனாவால் கிறுக்கியிருந்தது. ஆறாவதில் குளியல்தொட்டி முழுக்கத் தலைமுடி. அந்த அம்மா ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. எட்டு அறை முடிந்தபோதும் வேகம் குறையவில்லை, இப்படியே போனால் பதினேழையும் முடித்துவிடுவார். நிர்வாகத்தின் ஆளான நான் மனதுக்குள் அவரைத் தோற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் இடது கையால் சாப்பிட்டார். யாரும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவது அறை இருபத்திரண்டு. பத்தாவது இருபத்து மூன்று. பதினொன்றாவதில் மெத்தையை இடது கையால் தூக்கத் தொடங்கினார். பன்னிரண்டாவதில் கண்ணாடியின் மேல் பாதியைத் துடைக்க வலது முழங்கையை இடது கையால் தாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அந்தக் கண்ணாடியில் ஒரு கோடு இல்லை. பதின்மூன்று, முப்பத்தொரு நிமிடம். பதினான்கு, முப்பத்தைந்து. வியர்வையில் பின்னல் கலைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது. நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் ஆட்டமே செல்லாமல் போயிருக்கும்.

பதினைந்தாவது அறைக்குள் போகும்போது மூன்றே கால். குளியலறையை முடித்தார். பழைய விரிப்பை எடுத்தார். புதிய விரிப்பை உதறினார், அது பாதி தூரம் போய்க் கட்டிலின் மேல் சுருண்டு விழுந்தது. இடது கையாலேயே இழுத்து ஒருவழியாகப் பரப்பினார். மெத்தையின் மூலைக்குக் குனிந்தார். தூக்கினார். மெத்தை எழவில்லை. இன்னொரு முறை. மூன்றாவது முறை வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கியது, அவருடைய கையே இல்லை என்பது போல.

அவர் மெதுவாகத் திரும்பி அந்தக் கட்டிலின் மேல் உட்கார்ந்தார்.

விருந்தினர் கட்டிலில் ஊழியர் உட்கார்ந்தால் கடிதம் உண்டு. அந்த விதியை எழுதியதும் நான்தான். இருபது வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான கட்டில்களை விரித்தவர், ஒன்றின் மேல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“முடியல சார். எழுதுங்க.”

என்னால் எழுத முடியவில்லை. எழுத்து கலங்கித் தெரிந்தது. ஆமாம், அழுதேன், அதில் என்ன மறைக்க இருக்கிறது? அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, கோபித்துக்கொள்வது போலச் சொன்னார்: “நேரத்தைப் போடுங்க சார். மூணு நாப்பத்தி ஒண்ணு.”

போட்டேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். விரிப்பில் அவர் உட்கார்ந்த இடத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. இடது கையால் அதை நீவத் தொடங்கினார்.

“விடுங்கம்மா. அதான் முடிஞ்சுதே.”

“நான் உக்காந்து வந்த சுருக்கம் சார். யாரோ வந்து படுக்கிற இடம்.”

ஒரு கையால் நீவினால் துணி மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனது. நான் மறு ஓரத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவர் சட்டென்று தடுத்தார். “தொடாதீங்க. நீங்க தொட்டா செல்லாதுன்னு சொல்லிடுவாங்க.” நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் ஆனது. அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஜெனரல் மேனேஜர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, “நடிப்பா இருக்கும்ங்க. நல்லா யோசிச்சிருக்காங்க. கடைசி ரெண்டு வரியை எடுத்துட்டு, தானாகவே நிறுத்திக்கிட்டாங்கன்னு மாத்திடுங்க” என்றார்.

நான் அந்த மனிதரிடம் அதுவரை இல்லை என்று சொன்னதில்லை. “மாத்த முடியாது சார். நடிப்புன்னா டாக்டரைக் கூப்பிட்டுப் பாருங்க. டாக்டரும் நடிச்சா, அந்த ரூம்ல என் கண்ணால பாத்த சாட்சி நான் இருக்கேன்” என்றேன்.

டாக்டர் பார்த்தார். தோளுக்குள் தசைநார் கிழிந்து பல மாதமாகிவிட்டது என்றும், இதோடு எப்படி வேலை செய்தார் என்றே தெரியவில்லை என்றும் எழுதினார். ஆபரேஷன் செய்தாலும் இனி அறை வேலை ஆகாது. ஜெனரல் மேனேஜர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். எண்ணில் சொன்னால்தான் புரியும் என்றேனே, என் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு இருபத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து வரை விரலை ஓட்டினார். பதினான்குக்கு ஒத்துக்கொண்டார். கோப்பில் இருந்த நிதானம் அக்காவின் இரண்டு கடிதங்களையும் அவரே கிழித்தார். “ஆனா அந்தம்மா விஷயத்துல விதி விதிதான். பணத்தைக் குடுத்து அனுப்பிடுங்க” என்றார்.

ஒப்பந்தத்தை எழுதுவதற்காக யூனியன் ஆட்கள் என் அறையில் கூடியபோது அதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொன்னேன். பிறகு நிதானம் அக்கா எழுந்தார். அவர் எழுந்திருக்கவே நேரம் எடுத்தது. எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“சார், கீழ துணி ரூம்ல கிழிஞ்சதை எண்ணி எடுத்து வைக்க ஒரு ஆள் வேணும்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க. உக்காந்த வேலை. ஒரு கை போதும். அது அவளுக்கு. இல்லைன்னா நாளைக்கு நான் டிராலியைத் தள்ள மாட்டேன்.” திரும்பி மற்றவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி என்னிடம் சொன்னார். “நான் ஒருத்தி தள்ளாட்டி உங்களுக்குத் தெரியவே தெரியாது. எப்பவும் லேட்டுதான். இவங்களும் தள்ள மாட்டாங்க.”

ஒரு மாதமாகச் செக்ரட்டரியம்மாவோடு பேசாமல் இருந்தவர்கள் நாற்பது பேரும் தள்ள மாட்டோம் என்றார்கள். ஜெனரல் மேனேஜர் அன்று சாயங்காலமே துணி அறைக்கு ஒத்துக்கொண்டார். நாற்பது டிராலி நின்றால் எத்தனை அறை நிற்கும் என்பது அவருக்கு நன்றாகவே புரிகிற எண்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்தில் கையெழுத்து. செக்ரட்டரியம்மா கணவரோடு வந்தார். வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பின்னல் வழக்கம்போலக் கோணலாக இருந்தது. எதிரே நான், ஜெனரல் மேனேஜர், கம்பெனி வக்கீல். மூன்று பிரதிகள். முதல் பிரதியில் அவர் இடது கையால் பேனாவைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு எழுதுகிற பிள்ளை போலத் தன் பெயரை எழுதினார். எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. எழுதிவிட்டு அதையே பார்த்தார். முகம் சுருங்கியது.

“சார், வேற தாள் இருக்கா? ரொம்ப அசிங்கமா வந்துருச்சு.”

“இருக்கட்டும்மா” என்றேன்.

வக்கீல் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் அந்த அம்மாவின் பெயர் அச்சடித்தது போல இருந்தது. “கையெழுத்து ஒத்துப்போகலையே” என்றார். தவறாகச் சொல்லவில்லை, அது அவர் வேலை.

“ஒத்துப்போகாது சார்” என்றேன். “பழைய கை எங்க போச்சுன்னு இந்தப் புது ஒப்பந்தத்திலயே மொத வரில இருக்கு. படிச்சுப் பாருங்க.”

முதல் வரியில் இருந்தது இதுதான்: ஒருவருக்கு ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறைகள்.

வக்கீல் படித்தார். பழைய ஒப்பந்தத்தை மூடி வைத்தார். நான் அந்தக் கோணல் பெயருக்குக் கீழே சாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செக்ரட்டரியம்மா இரண்டாவது பிரதியைத் தன் பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினார். கணவர் தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நின்று மூச்சு விட்டார். அவர் ஒரு வேலையை மெதுவாகச் செய்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஜெனரல் மேனேஜர் உட்பட எல்லோரும் அவர் முடிக்கும்வரை காத்திருந்தோம்.